தடைக்காலத்துப் பேட்டரி

இன்று காலை நம் காரின் போனட்டைத் திறந்தேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம். முதலில் மூக்கில் ஏறியது உன் வலைக்கயிற்றின் கவிச்சிதான். பேட்டரியைச் சுற்றி நீ போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அடியில் நீ முட்டுக் கொடுத்த மரத்துண்டும் அசையவில்லை. யோவ், ஒரு முடிச்சை இவ்வளவு இறுக்கியா போடுவாய்? விரல் வலித்ததுதான் மிச்சம். கண்ணீர் வேறு கண்ணை மறைத்தது.

நம் மகள் ரேவதிக்கு மாதம் நிறைந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். பனிக்குடம் உடைந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காத்திவாக்கத்திலிருந்து ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவில் ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் நின்றால் நின்றதுதான். அந்த வரிசையில் மாட்டாமல் சந்து சந்தாகப் புகுந்து போகிற வண்டி இந்தப் பழைய கார் ஒன்றுதான். அதை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நீ படகுக்கு டிரைவர், காருக்கு நான் டிரைவர். புயலுக்குப் பயப்படாத ஆள், பக்கத்தில் டிரெய்லர் வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாய்.

டயருக்குக் காற்று, பெட்ரோல், மற்றதையெல்லாம் உன் தம்பி நேற்றே பார்த்துவிட்டான். பேட்டரியை மட்டும் "நீயே பாத்துக்கோ அண்ணி" என்று விட்டுவிட்டுப் போனான். அவனுக்கும் கை வரவில்லை.

போன வருஷமும் இதே மீன்பிடித் தடைக்காலம்தான். விசைப்படகைக் காசிமேட்டில் கட்டிப் போட்டுவிட்டு, அதில் விளக்குக்கும் ஒயர்லெஸ்ஸுக்கும் வைத்திருந்த பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாய். அந்த வாரம் பார்த்து கார் பேட்டரி செத்துப்போனது. "இது சும்மாதானே கீது? தடைக்காலம் முடியட்டும், புச்சு வாங்கிக்கலாம்" என்றாய். பேட்டரித் தட்டில் உட்காராததை மரத்துண்டு வைத்து உட்கார வைத்தாய். எட்டாத ஒயரைப் படகு ஒயரால் நீட்டி டேப் சுற்றினாய். முதல் நாள் முனகிக்கொண்டேதான் ஸ்டார்ட் ஆனது. நான் முகத்தைச் சுளித்தேன். நீ ஹாரனை அழுத்திக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்புறம் அந்த விடிகாலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீயே நடந்து வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாய். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஹெட்லைட்டைப் போட்டேன், எதிர்ச் சுவரில் பளீரென்று விழுந்தது. "லைட்டு எரியுதுல்ல? பேட்டரி நல்லாத்தான் கீது. இன்னொரு வாட்டி திருப்பு" என்றாய். திருப்பினேன். இன்னொரு வாட்டி என்றாய். திருப்பினேன். இறங்கி ஓடி ஆளைக் கூப்பிட வேண்டியவள், நீ சொன்னதை நம்பிச் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது தடவையில் நீ 'இன்னொரு வாட்டி' சொல்வதை நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது. என் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்து தள்ளினார்கள், மணலில் சக்கரம் புதைந்தது. ஆம்புலன்ஸின் சைரன் மெயின் ரோட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. லாரி வரிசையைத் தாண்டி வரவில்லை.

இன்று முடிச்சு அவிழாததால் போனில் படம் எடுத்துக்கொண்டு, ரயில் ஏறித் திருவொற்றியூர் பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"இத்த யாரும்மா கார்ல மாட்னது? இது படகுல லைட்டுக்கு வெக்கிறது. கொஞ்சங்கொஞ்சமா ராவெல்லாம் கரண்ட்டு குடுக்கும். செல்ஃப் எடுக்கணும்னா ஒரே மூச்சுல குடுக்கணும்மா. அது இதுக்கு வராது."

"லைட்டு நல்லா எரிஞ்சிதே பாய்? ஹாரன் கூட அடிச்சிதே?"

"லைட்டுக்கு இன்னாமா வேணும்? லைட்டு எரியும்."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். யார் மாட்டியது என்று மறுபடி கேட்டார். "தெர்ல பாய், வாங்கும்போதே அப்டித்தான் இருந்துச்சு" என்றேன். உன்னை அவர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

இருப்பதிலேயே பெரியதைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். இன்னொரு 'டிக்' சத்தத்தை நான் தாங்கமாட்டேன் பாய், என் பெண் நிறைமாதம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "பெர்சு வேணாம்மா, தட்டுல உக்காராம ஆடும். உன் வண்டி இன்னா கேக்குதோ அத்த குடு, போதும்" என்றார். பிளஸ் எந்தப் பக்கம் என்று படத்தில் பார்த்தார். பக்கம் மாறினால் ஒயர் எட்டாதாம். எப்போது செய்தது என்று புதுப் பேட்டரி மேல் குத்தியிருந்த தேதியைக் காட்டி, "கடைலயே தூங்கிகினு கெடந்தத எப்பவும் வாங்காத" என்றார்.

கடை ஆள் புதுப் பேட்டரியோடு வீட்டுக்கே கூட வந்தார். முடிச்சை அறுக்கக் கத்தியை எடுத்தார். வேண்டாம் என்று நானே உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி அவிழ்த்தேன். அதற்குத்தான் நேரமானது. பழையதை எடுத்துப் புதியதை வைத்து முறுக்க மொத்தமே கால் மணி நேரம். சாவியைத் திருப்பினேன். தொட்டதும் எடுத்துவிட்டது. இவ்வளவுதானா? கால் மணி நேர வேலையா நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது? ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். கடை ஆள் பயந்துபோய், "இன்னாக்கா, வண்டிதான் எட்த்துச்சே" என்றார்.

உன்மேல் கோபம் தீரவில்லை. என்மேல் அதைவிட அதிகம். ரேவதி உள்ளே ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அவள் புரண்டால்கூட என் கை சாவிக்குப் போகிறது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது ஹெட்லைட்டைப் போட்டுப் பார்ப்பதில்லை, ஹாரனையும் தொடுவதில்லை. சாவியை மட்டும்தான் நம்புகிறேன். இன்று ஐந்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன். "இருக்கற பெட்ரோலையும் தீத்துடாதம்மா" என்று அவள் உள்ளேயிருந்து கத்துகிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு முறையும் இன்ஜின் பிடித்ததும் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, "எட்த்துச்சுயா" என்று சொன்ன பிறகுதான் அணைக்கிறேன்.