பதினான்கு பேரும் இடது தோளும்

பிப்ரவரி 11, செவ்வாய்

கூடம் கிடைத்துவிட்டது! மரச்சாமான் கடைக்கு மேல் மாடி. இதற்கு முன் யாரோ நடன வகுப்பு நடத்திய இடம். பலகைத் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வாடகை பேசுவதற்கு முன்பே கம்பை எடுத்துத் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். கூரையில் படவில்லை. தரகர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "புடிச்சிருக்கா மேடம்?" என்றார். பாவம், குரல் மட்டும்தான் வந்தது.

ஒப்பந்தத்தை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது. மே நான்காம் தேதி வரை எனக்குச் சம்பளமில்லா விடுப்பு. அதற்குள் இருபது பேர் சேர்ந்து நிலைத்து நின்றால் வேலையை விட்டுவிட்டுச் சிலம்பம்தான் பிழைப்பு. இருபதுக்குக் கீழ் என்றால் மே ஐந்து காலை ஒன்பது மணிக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், அதே நாற்காலியில், அதே ஸ்டேப்ளரோடு. வீட்டில் இவரும் தலையாட்டிவிட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஏறுவதும் இறங்குவதும் அவருக்குச் சகஜம்.

அக்கா போனில்: "பதினோரு வருஷ உத்தியோகத்தை விட்டுட்டு கம்பு சுத்தப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?"

ஆமாம் அக்கா. கொஞ்சம்.

பிப்ரவரி 12, புதன்

முதல் வகுப்பு. இருபத்து மூன்று பேர்!! படியேறி வந்துகொண்டே இருந்தார்கள். ஒப்பந்தம் முதல் நாளே முடிந்தது என்று மனசுக்குள் குதித்தேன்.

பிறகு வாயைத் திறந்து, "முதல் மூணு வாரம் கம்பு கிடையாது, காலடி மட்டும்தான்" என்று சொன்னேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பதினாறு பேர்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினான்கு. இதற்குக் கீழே போகாது என்று தோன்றுகிறது. இவர்கள் முகத்தில் ஒரு பிடிவாதம் இருக்கிறது.

பல் டாக்டர் அம்மா முன்வரிசை. நாள் முழுக்கக் குனிந்தே நின்று முதுகு போயிற்றாம், இங்கே நிமிர்ந்து நிற்கவே பணம் கட்டுகிறேன் என்கிறார். குழாய் ரிப்பேர்க்காரர் பின்வரிசை. கால் வைக்கும்போதெல்லாம் வாய் தானாகப் பேசுகிறது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஒரு சங்கடம், அந்தக் கண்ணாடி. வெட்டவெளியில் வார இறுதி வகுப்பு எடுத்த காலத்தில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன், பின்னால் நின்று பார்த்துச் செய்வார்கள். இங்கே அப்படி நின்றால் எதிரே நானே நிற்கிறேன், வயிறும் வேர்வையுமாக. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதனால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிவிட்டு, வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். எவ்வளவு வசதி! முகம் பார்த்துச் சொல்லித்தரலாம், பதினான்கு ஜோடிக் காலும் கண்ணுக்கு நேரே. இத்தனை வருடம் இது தோன்றவில்லையே.

பிப்ரவரி 20, வியாழன்

கீழ்க்கடைக்காரர் மேலே வந்தார். "மேல யானை ஏதாவது வளக்கிறீங்களா?"

"பதினாலு" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

மார்ச் 5, புதன்

இன்று கம்பைக் கையில் கொடுத்தேன்! மூன்று வாரம் காத்திருந்த கைகள் அப்படி வாங்குகின்றன, பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி. முதல் வீச்சிலேயே குழாய்க்காரர் டியூப்லைட்டை உடைத்தார். அவரே ஏணி கொண்டுவந்து, அவரே மாற்றி, அதைப் பற்றி அரைமணி நேரம் அவரே பேசினார்.

எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மகள் கேட்கிறாள், "அம்மா, நீ ஏன் தட்டைப் பாத்துச் சிரிக்கிறே?"

மார்ச் 21, வெள்ளி

வந்தாரய்யா பளபளா! தெருமுக்கு ஜிம்மின் முதலாளி. மண்டை, செருப்பு, காரின் கதவு, எல்லாமே பளபள. வகுப்பை ஓரமாக நின்று பார்த்தவர், "மேடம், என் மெம்பர்ஸ் நாப்பது பேர் ரெடி, நீங்க ரெடியா?" என்றார்.

நாற்பது! இருபதின் இரட்டிப்பு! ஆனால் அடுத்த வாக்கியமே, "முதல் நாளே கம்பு கைல இருக்கணும். ஃபோட்டோ எடுத்துப் போடுவாங்கல்ல. ஆறு வாரத்துல ஒரு சர்டிஃபிகேட்."

முடியாது என்றேன். அரைமணி நேரம் இழுபறி. நடுவில் அவருக்கு நான்கு போன், எனக்கு நான்கு டம்ளர் தண்ணீர். கடைசியில் இறங்கி வந்தார். மூன்று வாரம் காலடி, சரி. தேறினால்தான் சர்டிஃபிகேட், அதுவும் சரி. ஆனால் ஏப்ரல் ஐந்து, சனிக்கிழமை, இப்போது இருக்கிற பதினான்கு பேரும் அவருடைய மெம்பர்கள் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். பிடித்தால் அன்றே கையெழுத்து.

ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல் நாற்பது பேர்! படிக்கட்டில் இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினேன். முப்பத்தொன்பது வயசு.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஜோடி ஆட்டம் பிரமாதம். ஒருவர் வீச, ஒருவர் தடுக்க, டக் டக் டக் என்று ஒரே தாளம். சனிக்கிழமையே, சீக்கிரம் வாயேன்.

ஏப்ரல் 3, வியாழன்

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே புரியாது. என்னோடு ஒரே மாஸ்டரிடம் கம்பு கற்ற தோழி, இப்போது வேறு ஊரில் தபால்காரி. இரண்டு நாள் லீவில் வந்தாள். "உன் யானைங்களைக் காட்டு" என்றாள். பெருமையாக அழைத்துப் போனேன். பல் டாக்டரோடு ஆட நின்றாள். முதல் வீச்சு. டாக்டர் தடுக்கிறார், கம்பு வலப்பக்கம் போகிறது, அடி இடது தோளில் விழுகிறது. மெதுவாகத்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆடினாள். மறுபடி இடது தோள்.

அடுத்தவர். இடது தோள். குழாய்க்காரர். இடது தோள், பேச்சும் நின்றது. பதினான்கு பேருக்கும் இடது தோள்!

தபால்காரி கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். "நீ எங்க நின்னுக்கிட்டு சொல்லிக் குடுத்தே?"

காட்டினேன். கண்ணாடிக்கு முன்னால், அவர்களுக்கு எதிரே.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! பதினாலு பேரையும் கண்ணாடிக்குள்ள இருந்து புடிச்சுக் கொண்டுவந்திருக்கியேடி!"

நான் வலது காலை எடுத்தால் அவர்கள் எதிரே நின்று இடது காலை எடுத்திருக்கிறார்கள். நான் வலது, இடது என்று சொல்கிற ஆளும் இல்லை. "இந்தப் பக்கம்", "அந்தப் பக்கம்", கை காட்டுவதோடு சரி. காலடி, பிடி, வீச்சு, தடுப்பு, எல்லாமே திருப்பிப் போட்டது. எதிரே நின்று திருத்தினால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவர்களுக்குள் ஆடினால் இரண்டு தப்பும் பொருந்திப்போய் டக் டக் டக். மாஸ்டரோடு ஆடுவது மூன்றாவது மாதம்தான் என்பது எங்கள் முறை, அதனால் என் கம்புக்கும் தெரியவில்லை.

வெட்கப்பட்டுத் திரும்பி நின்றேனே, வயிறு தெரியுதேன்னு! இப்ப மானமே தெரியுது.

ஏப்ரல் 4, வெள்ளி, காலை

நாளைக்கு ஆடிக் காட்ட வேண்டும். அவர்களுக்குள் ஆடினால் ஒருத்தருக்கும் தெரியாது. பளபளாவுக்குத் தெரியாது, நாற்பது பேருக்கும் தெரியாது. கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் இல்லையா? "அடுத்த நிலைப் பயிற்சி" என்று ஒரு பெயர் வைத்தால் போகிறது.

இதை எழுதியது நான்தானா? கையெழுத்து என்னுடையதுதான்.

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன். பதினான்கு பேரையும் உட்கார வைத்து, "நான் உங்களுக்கு எல்லாத்தையும் தலைகீழா சொல்லிக் குடுத்திருக்கேன். தப்பு என்னோடது. நாளைக்கு ஆட வேண்டாம். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதுக்குப் பணம் வேண்டாம்" என்றேன். குரல் உடையாமல் சொல்லி முடித்ததே பெரிய சாதனை.

எல்லாரும் தங்கள் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பல் டாக்டர், "பல்லை மாத்திப் புடுங்கிட்டு தானா வந்து சொல்ற டாக்டரை நான் பாத்ததே இல்ல" என்றார். எல்லாரும் அவரையே பார்க்க, "நான் மாத்திப் புடுங்கினதில்ல! சொல்லிட்டேன்!" என்று கையை ஆட்டினார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

நேராக ஜிம்முக்குப் போனேன். ஆறு வாரம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். பளபளா புரியாமல் விழித்தார்.

"விடுங்க மேடம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எதிர்ல கம்போட நிக்கிற ஆளுக்குத் தெரியும்."

"என் ஜிம்முல யாரு மேடம் அப்படி வந்து நிக்கப் போறா?"

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் யாரும் வந்து நிற்க மாட்டார்கள் என்றால் நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன்? குச்சி டான்ஸா? கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். நாற்பது பேரும் போச்சு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டே கேட்டார். "லிஃப்ட் கதவைத் தப்பா மாட்டிட்டா கழட்டித்தான் மாட்டணும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்பது பேர். ஐந்து பேர் வரவில்லை. அவர்கள் மேல் கோபமில்லை, நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

கண்ணாடியைப் பார்த்து நின்றேன், வயிறு, வேர்வை எல்லாம் எதிரே. ஐந்து நிமிடத்தில் மறந்துபோயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

எல்லாருடைய காலும் எல்லாருடைய காலையும் மிதிக்கிறது. கீழ்க்கடைக்காரர் வந்து, "யானைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

ஒன்பது பேரோடு ஒப்பந்தம் செத்தது என்றுதான் இருந்தேன். இன்று மாடிப்படியில் நான்கு புது முகம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் நான்கு பேரும் ஒரே பதில்: குழாய்க்காரர்.

மனுஷன் போகிற வீட்டிலெல்லாம் சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டே என் மானத்தை வாங்கியிருக்கிறார். "எங்க மாஸ்டர் ரெண்டு மாசம் தலைகீழா சொல்லிக் குடுத்துட்டாங்க! அப்புறம் தானா வந்து, தப்பு பண்ணிட்டேன், காசு வேண்டாம், மறுபடி சொல்லித் தரேன்னாங்க! எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த மாஸ்டர் நீங்கதானா?"

"நான்தான்."

"எங்க, நில்லுங்க. எந்தப் பக்கம் திரும்பி நிப்பீங்க?"

கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று காட்டினேன். "சரி, பேரை எழுதிக்குங்க" என்றார். கம்பு மூன்று வாரம் கழித்துத்தான் என்றேன். அதுவும் குழாய்க்காரர் சொல்லிவிட்டாராம். விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்!

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று நானே கம்பு எடுத்து பழைய ஒன்பது பேரோடும் ஒவ்வொருவராக ஆடினேன். மூன்றாவது மாதம் ஆகிவிட்டது அல்லவா.

பல் டாக்டரின் இடது தோளுக்கு ஒரு வீச்சு. தடுத்தார். சும்மா சோதிப்போமே என்று கம்பை மாற்றிப் பிடித்து மறுபக்கத்தில் இருந்து வீசினேன். அதையும் தடுத்தார்! யோசிக்காமல்! எனக்கு இரண்டு பக்கமும் வர நான்கு வருடம் ஆயிற்று. மற்றவர்களையும் சோதித்தேன். ஒன்பதில் ஆறு பேருக்கு வருகிறது, அரைகுறையாகத்தான். பிடி இன்னும் தளர்வு, காலடி பின்தங்குகிறது. ஆனாலும் வருகிறதே!

கம்பைப் போட்டுவிட்டுக் கூடத்தை ஒரு சுற்று ஓடி வந்தேன். உண்மையாகவே ஓடினேன். தபால்காரிக்குப் போன் பண்ணினால், "உடனே இதை ஒரு முறைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதே, தப்பு தப்புதான்" என்றாள். சரிதான். தப்பு தப்புதான். ஆனால் இன்று ஒரு நாள் மட்டும் குதித்துக்கொள்கிறேனே.

மே 2, வெள்ளி

பதினெட்டு. குழாய்க்காரர் புண்ணியத்தில் புதிதாக இன்னும் ஐந்து பேர்.

இருபதுக்கு இரண்டு குறைவு. நாளையும் மறுநாளும் வகுப்பு இல்லை. விட்டுப்போன ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பார்க்கலாமா? கீழ்க்கடைக்காரரைக் கெஞ்சலாமா? அக்காவின் பெயரை எழுதிவிடலாமா? ச்சீ. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்.

அலுவலகச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன். இவர் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன பண்றே?"

"பதினெட்டுதான் ஆச்சு. திங்கக்கிழமை போகணும்ல."

"இருபதுன்னு சொன்னது நீ. நான் எப்போ சொன்னேன்?"

"தலையாட்டினீங்களே!"

"நான் பத்துப் பேர் வந்தாலே பெரிசுன்னு நினைச்சேன். நீ இருபதுன்னதும், சரி, பெருமைக்குச் சொல்றா, சொல்லிட்டுப் போகட்டும்னு தலையாட்டினேன்."

பிப்ரவரி பதினோராம் தேதி நான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், அவர் தலையை ஆட்டியதோடு சரி. இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன். பதினெட்டுப் பேரை வைத்து வீடு ஓடுமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். இழுத்துப் பிடித்தால் ஓடும், காலையில் இன்னொரு வகுப்பு தொடங்கினால் நன்றாகவே ஓடும். ராஜினாமாக் கடிதத்தை மூன்று வரியில் எழுதினேன். மகள் எழுத்துப்பிழை திருத்தினாள்.

மே 5, திங்கள்

காலை வகுப்புக்குப் புதிதாக வாங்கிய பன்னிரண்டு கம்பையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் தோள் கடுத்தது. பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் கட்டைச் சாய்த்துவிட்டுத் தோளை மாற்றிக்கொண்டிருந்தபோது எட்டரை வண்டி வந்து நின்றது. பதினோரு வருடம் நான் ஏறிய வண்டி. வழக்கம்போல என் எதிரே கதவு திறந்தது.

ஓட்டுநர் கம்புக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்? இன்னைக்கும் லீவா?"

"இல்லண்ணே," என்றேன், "வேலைக்குத்தான் போயிட்டிருக்கேன்."