பதில் வரும் நேரம்

மாசி 4, திங்கள்

பனி விலகவே இல்லை. புதூர்நாட்டு ஜீப் வரவில்லை. அங்கன்வாடி வேலைக்கு நடை. முட்டை வந்தது, பருப்பு வரவில்லை.

மார்பின் மாத்திரை தொடங்கியதிலிருந்து வீட்டுக்காரருக்கு வலி அடங்கியிருக்கிறது. புற்றுநோய் வயிற்றைத் தின்கிறது, ஆனாலும் முகத்தில் சுளிப்பு இல்லை. நிம்மதி. ஒன்றுதான் பிடிக்கவில்லை. "கஞ்சி வேணுமாங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு வந்தபின், "வேணாம்மே" என்கிறார். நான் வாய் திறக்கும் முன்பே எதிர்ப்பேச்சு பேசிய மனிதர்!

மாசி 5, செவ்வாய்

மாத்திரை கசக்கிறதென்று துப்பினார். பொடித்து, வெல்லம் போட்ட சாமை உருண்டைக்குள் வைத்தேன். அதைச் சன்னலில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேனே, என் புத்தியை என்ன சொல்ல. குரங்கு கொண்டுபோய்விட்டது. அவருக்கு வேறு உருண்டை.

புளி உலுக்கும் காலம், மரம் நிறையக் குரங்கு. பிறகு வழக்கம்போலத் தகரம் தட்டினேன். எல்லாம் ஓடின. உருண்டை தின்றது மட்டும் கிளையில் அப்படியே. தகரத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்தேன். அப்போதுதான் மெல்ல என் பக்கம் திரும்பியது. அதே நேரம் உள்ளேயிருந்து அவர்: "இன்னா சத்தம் அது?"

பயமாக இருந்தது.

மாசி 6, புதன்

வெயில். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தார். குரங்குக் கதைக்குச் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அவருக்குக் காது கேக்குதுங்க. பதில் வர்றதுக்குத்தான் நேரமாவுது. கேட்டுட்டுப் பொறுமையா இருங்க. பாதியில எழுந்து போய்டாதீங்க."

கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். "நான் யாருங்க?" கோழி உள்ளே வந்து போனது. வெயில் கட்டில் கால்வரை நகர்ந்தது.

"தகரம் தட்றவ."

சிரித்தேன். அழுதேன்.

மாத்திரை நேரத்துக்குச் சன்னலுக்கு வெளியே அந்தக் குரங்கு. உருண்டையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி 7, வியாழன்

மேகம். அங்கன்வாடிக்கு லீவு. துணி காயவில்லை.

"வர்றேன், வர்றேன்" என்றார், சன்னல் பக்கம் பார்த்து. நான் கூப்பிடவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. "யாருங்க கூப்ட்டது?" என்று கேட்டு, நர்ஸ் சொன்னபடி எழாமல் உட்கார்ந்தேன். விளக்குப் போடும்வரை பதில் வரவில்லை.

மாசி 8, வெள்ளி

தூறல். காலையில் வந்த கொழுந்தன் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். "அண்ணி" என்றவன் அழுதுவிட்டான்.

வாசலில் மேளம். சத்தத்துக்குக் குரங்குகள் ஓடிவிட்டன. ஒன்று மட்டும் கிளையிலேயே. கட்டிலருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

"எடுத்துடலாமா அண்ணி?"

"இருப்பா. இப்பதான் கூப்ட்டேன். அவரு பதில் சொல்ல நேரமாவும்."