மருந்தில்லாத ஊசி

11.11.97 செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. கேரளத்துப் பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒழுகல், பேன்ட் நனைந்தது. ஆபீசுக்கு அரை நாள் லீவு. காரணம்: தோள்.

வலது தோள் வலிக்கு இது எட்டாவது மாதம். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானின் எண்ணெய் மூன்று குப்பி, ஆஸ்பத்திரி மாத்திரை, உப்புக் கிழி ஒத்தடம், எல்லாம் பார்த்தாயிற்று. டிசம்பர் 6 சர்ச் கிரவுண்டில் வாலிபால் மேட்ச். பதினேழு வருடமாக நெட்டின் இடது பக்கம் நின்று ஸ்மாஷ் அடிப்பவன் நான். இந்தத் தடவை கேப்டன் பூவாரிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து பிராக்டிஸில் இறக்கியிருக்கிறான். வயது 24. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

கேப்டன் வேறு யாருமில்லை, என் மனைவி லில்லியின் அண்ணன் சுகுதான். இந்தப் புது டாக்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அவனே. "வெளிநாட்டுல படிச்சிட்டு வந்த டாக்டராக்கும் அளியா. ஊசி வச்சா தோளு செரியாவும். நீ போ." எட்டு மாதம் இல்லாத அக்கறை, மேட்சுக்கு நாலு வாரம் இருக்கையில் எங்கிருந்து முளைத்தது?

டாக்டர் பெண். முப்பது வயது இருக்கும், மலையாளம்தான் பேசுகிறார். தலைமுடி கனத்தில் ஊசி. சிரிஞ்சு இல்லை. மருந்து எங்கே என்று கேட்டேன்.
"மருந்நில்ல. சூசி மாத்ரம்."
மருந்தே இல்லாமல் வெறும் ஊசி! இறுகிப்போன தசையில் குத்தினால் அது தானாக இளகுமாம். கேட்பவன் கேனையனாக இருக்க வேண்டும்.

எங்கே வலி, எப்போது வலி, என்ன செய்தால் வலி என்று ஆயிரம் கேள்வி. "ரைட் தோள்" என்றதோடு வாயை மூடிக்கொண்டேன். ஆசானிடம் போனால் கையை நீட்டிவிட்டுச் சும்மா இருப்போம். நாடி பிடித்து அவர்தான் இடத்தைச் சொல்ல வேண்டும். ஆள் கெட்டிக்காரரா என்பது அதில் தெரிந்துவிடும். நாமே சொல்லிக் கொடுத்தால் பிறகு அவருக்கு என்ன வேலை? அப்பாவும் ஆசானை இப்படித்தான் சோதிப்பார்.

கழுத்துப் பக்கம் நாலு இடம் குத்தினார். ஒவ்வொரு தடவையும், "இதாணோ நிங்ஙளுடெ வேதன?" என்று கேள்வி.
"அறியில்ல" என்றேன், நாலு தடவையும். உண்மையில் அதில் ஒன்றும் என் வலி இல்லை.

கிளம்பும்போது, "ரெண்டு திவசம் வாலிபால் வேண்டா" என்றார். இரண்டு நாள் ஆடக் கூடாதாம். நான் வாலிபால் ஆடுகிறேன் என்று இவரிடம் சொல்லவே இல்லையே!

12.11.97
கழுத்தில் அடித்துப்போட்ட மாதிரி வலி. முன்பு ஒரு வலி, இப்போது இரண்டு. லில்லி சொல்கிறாள்: "குத்துன எடம் ஒரு நாளு நோவத்தான் செய்யும், டாக்டர் சொல்லல்லியா?" சொன்னார். சொன்னால் சரியாகிவிடுமா?

சாயங்காலம் பிராக்டிஸ். போகவில்லை. பூவார்காரன் போயிருப்பான்.

வாங்க வேண்டியது: குடைக்கம்பி, தேங்காய் எண்ணெய், லில்லிக்குக் கறுப்பு நூல்.

18.11.97 செவ்வாய்
இரண்டாவது தடவை. ஊசிப் பாக்கெட்டை என் கண்முன்னால்தான் பிரித்தார்கள். எடுத்தது 5, டப்பாவில் போட்டது 5. எண்ணினேன். ஆபீசில் எல்லோரும் எய்ட்ஸ் பற்றியே பேச்சு. பியூன் சொன்னான்: "சாரே, ஊசின்னா இப்ப எமனாக்கும்."

இன்றும் "அறியில்ல"தான். டாக்டர் பேனாவை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

வெளியே வந்தால் கேட்டருகே சுகு, ஸ்கூட்டரோடு. "இந்த வழியா வந்தேன் அளியா." அவன் வீடு எதிர்த்திசையில். பின்சீட்டில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தேன்.

ஆக: டாக்டருக்குச் சுகுவைத் தெரியும். சுகுவுக்குப் பூவார்காரன் வேண்டும். டாக்டர் என்னை ஆடாதே என்கிறார். கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

20.11.97
கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து பிராக்டிஸ் பார்த்தேன். பூவார்காரன் நன்றாக அடிக்கிறான். எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் அடிக்கிறான்.

லில்லியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணனைச் சொன்னதற்குக் கோபப்படவில்லை. "டாக்டரிட்ட எங்க நோவுதுன்னு சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "செரி, அடுத்த செவ்வாய் நானும் வாறேன்."

25.11.97 செவ்வாய்
மானம் போயிற்று.

நாற்காலியில் உட்கார்ந்த உடனே லில்லி ஆரம்பித்துவிட்டாள். "டாக்டரே, இவரு வாயத் தொறக்கமாட்டாரு. வலது பக்கம் படுக்க ஒக்காது. சட்ட போடயில பல்லக் கடிப்பாரு. கைய பொறத்தால கொண்டுபோனா கண்ணுல தண்ணி வரும். நீங்க கண்டுபிடிக்கணும்னு சோதிக்கியாரு. ஆசானிட்ட இருக்கது போல இருக்கியாரு."

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பு. "சாரே, இது எனிக்கு பரீட்சயாணோ?" அப்புறம் மெதுவாக, பாதி தமிழில் விளக்கினார். வலி ஓரிடம், முடிச்சு வேறிடமாக இருக்கும். ஊசி சரியான முடிச்சில் பட்டால் பழகிய அதே வலி எழும்பும். அதே வலிதானா என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "ஞான் எங்ஙன அறியும்? நிங்ஙள் பறயணம்."

குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் விரலால் தேடினார். ஊசி இறங்கியதும் தசை மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. குத்தியது முதுகில். வலித்தது தோளின் முன்பக்கம், எட்டு மாதமாக வலிக்கிற அதே இடம்.
"அய்யோ! இதுதான், இதேதான்!"
"ஆ, அங்ஙன பற!" என்றார் டாக்டர்.

வாலிபால் விஷயம் எப்படித் தெரியும் என்று எழுந்ததும் கேட்டேன். எனக்கு நேரம் வாங்க ஃபோன் செய்தபோது சுகு சொன்னதாம். சரி. இருந்தாலும்.

28.11.97
மேல் தட்டிலிருந்து ஃபைலை வலது கையால் எடுத்தேன். எடுத்த பிறகுதான் கவனித்தேன். திரும்பவும் வைத்தேன், எடுத்தேன். பியூன் ஒரு மாதிரி பார்த்தான்.

சந்தோஷம். சொல்லப்போனால் ரொம்ப. ஆனால் நிற்குமா?

2.12.97 செவ்வாய்
கடைசி ஊசி. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி காலை 10 தடவை, மாலை 10 தடவை. செய்கிறேன்.

4.12.97
இரண்டு நாள் ஓய்வு முடிந்து பிராக்டிஸ். தோளில் பொட்டு வலி இல்லை. ஆனால் பந்து நெட்டிலேயே போய் விழுகிறது. மழையில் நனைந்த பந்து. கிரவுண்டும் சேறு.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பூவார்காரனுக்கு உயரமாகப் பந்து தூக்கிக் கொடுக்கும் சுகு, எனக்குத் தாழ்வாகத் தருகிறான். ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும். வேண்டுமென்றே. லில்லியிடம் சொல்லவில்லை. நாளை மறுநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவேன்.

6.12.97 சனி
வெயில். கிரவுண்டு காய்ந்திருந்தது. நல்ல கூட்டம். சுகு என்னைத்தான் இறக்கினான்.

முதல் செட்டில் நான் அடித்த ஆறில் நாலு நெட்டில். செட் போயிற்று. இரண்டாவது செட் தொடக்கத்தில் சுகுவிடம் போய்க் கேட்டேன். "எனக்கு மட்டும் என்னத்துக்குத் தாழ்த்தித் தாற? அவனுக்குத் தாறது போல உயரத்துல தா."
பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினான். "செரி."

உயரத்தில் தந்தான். அழகான பந்து. ஓடிவந்து எழும்பினேன். கை முழுதாக நீண்டது, ஒரு வலி இல்லை. பந்து விரலுக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் போயிற்று. மறுபடியும் தந்தான். மறுபடியும் எட்டவில்லை. மூன்றாவதும்.

பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "தோளு நோவுதா அளியா?" என்றான். ஆமாம் என்றிருந்தால் போதும், கௌரவமாக வெளியே வந்திருக்கலாம். அதற்குத்தான் கேட்டான் என்று இப்போது புரிகிறது.
"நோவு இல்ல. எனக்கு எழும்ப முடியல்ல."
"ரெண்டு வருசமாட்டு தெரியும். அதாக்கும் தாழ்த்தித் தந்தேன்."
"அப்ப டாக்டரிட்ட என்னத்துக்கு அனுப்புன?"
"தோளு நல்லா இருந்தாத்தான் நீயே அறிவ. நான் சொன்னா நம்புவியா நீ?"

நம்பியிருக்க மாட்டேன். நானே அம்பயரைப் பார்த்துக் கையைக் காட்டி மாற்று ஆள் கேட்டேன். பூவார்காரன் உள்ளே ஓடிவரும்போது குனிந்து என் காலைத் தொட்டான். இதை எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

லில்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "தோளா? திரும்பவும் தோளா?"
"தோளுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.