மூடி இல்லாத பொம்மைக் கட்டில்

என் கமலி அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் மகளைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நாளாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன். மாமாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அவர் இப்போதே பாதி ஆளாகத்தான் இருக்கிறார்.

கோவிலம்பாக்கம் அறையைக் காலி செய்துவிட்டு சேலையூரில் உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். மாமாவுக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு, சில ஞாயிறும்கூட. யாழினிக்குத் தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது எல்லாம் நான்தான். உன்னைப் போல எனக்கு வகிடு நேராக வராது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆறு வயசுப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போகலாமா? நீ போனதிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை அக்கா. எல்லாரும் "சமத்து, சமத்து" என்றார்கள். எனக்கு அந்தச் சமத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அவள் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு செருப்பு டப்பா. அதன்மேல் கேக் வாங்கும்போது வருமே, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் மூடி, அதைக் கவிழ்த்து நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தாள். உள்ளே அவளுடைய பொம்மை மல்லாந்து கிடந்தது.

"என்னடி குட்டி இது?"

"பொம்மைக்கு பெட் சித்தி. நானே பண்ணேன்."

நன்றாக இருக்கிறதே என்று சொல்லத்தான் குனிந்தேன். பொம்மையின் மூக்கில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு காலையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். உன்னைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியை அப்படியே செய்து வைத்திருந்தாள் அக்கா.

"மூடி எதுக்கு?" என்று கேட்டேன்.

"மூடலன்னா ஜில்லு வெளிய போய்டும்ல?"

நான் அப்போது பொறுமையாக இருந்திருக்க வேண்டும். நீயாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருப்பாய். நான் கத்தினேன். "இப்படியெல்லாம் விளையாடவே கூடாது!" என்று அதைப் பிடுங்கி, மூடியை மிதித்து உடைத்து, குப்பைத்தொட்டியில் திணித்தேன். அவள் தொட்டியிலிருந்து பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதும் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமைத்து முடித்துவிட்டு "சாப்பிட வா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கரண்டியும் கையுமாகப் படுக்கையறைக்குப் போனேன்.

உன் கட்டிலில் படுத்திருந்தாள். விறைப்பாக, கை இரண்டும் பக்கத்தில். கண் மூடியிருந்தது. மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல் இரண்டையும் பள்ளிக்கூட ரிப்பனால் கட்டியிருந்தாள்.

கரண்டி எப்போது விழுந்தது என்று தெரியாது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அந்த ஒரு நொடியில், உன்னைப் போலவே இவளையும் விட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஆ, வலிக்குது சித்தி!"

பஞ்சை எடுத்துப் போட்டேன். "என்னடி பண்ணிட்டிருந்த?"

"குளிருதான்னு பாத்தேன்."

"யாருக்கு?"

"அம்மாக்கு. அன்னைக்கு நீதான சொன்ன, அம்மா தூங்குறாங்க, தொந்தரவு பண்ணாதன்னு. ஆனா யாருமே அம்மாக்கு போர்வை குடுக்கல. நான் எடுத்துட்டு வந்தேன். ஒரு அங்கிள் மூடிய திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அம்மாக்கு ரொம்ப குளிருச்சா சித்தி?"

நான்தான் சொன்னேன் அக்கா. வீடு நிறைய ஆட்கள். இவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அப்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நாலு மாதமாக இந்தப் பிள்ளை தூங்குகிறவர்களுக்குக் கண்ணாடி மூடி போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே தினமும் படுத்திருக்கிறது. விளக்கை அணைத்தால் ஏன் என் கையை அப்படி இறுக்கிப் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

அவள் கால்விரல் முடிச்சை அவிழ்த்தேன். இறுக்கிப் போட்டிருந்ததில் அது சீக்கிரம் அவிழவில்லை. அவிழ்த்துக்கொண்டே சொன்னேன்: "அம்மா தூங்கல குட்டி. நான் தப்பா சொல்லிட்டேன். அம்மா செத்துப்போயிட்டாங்க. செத்துப்போனா குளிராது. வலிக்காது. பயமா இருக்காது."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப எழுந்திருக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்கடா."

அப்போதுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. மூச்சு நின்றுவிடுமோ என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பண்ணக்கூடாததைப் பண்ணிவிட்டேனோ? இந்த வயசுக்கு இவ்வளவு நிஜம் தாங்குமா? உன்னைக் கேட்கலாம் என்றால் நீ இல்லை.

நாலு மணி இருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொம்மை செத்துப்போகல சித்தி. அதுக்கு நிஜ பெட் வேணும்" என்றாள்.

வீட்டில் கிடந்ததையெல்லாம் எடுத்து வந்தோம். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அடிப்பலகை. டிஷ்யூ பேப்பர் தீர்ந்த உருளை இரண்டைப் பாதியாக வெட்டி நாலு கால். அவள் சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிரீம் குச்சிகளை வரிசையாக ஒட்டித் தலைமாட்டுச் சட்டம். உன் பழைய நைட்டி ஒன்றில் ஒரு துண்டு வெட்டி, மூன்று பக்கம் தைத்து, கிழிசல் துணிகளைத் திணித்து மெத்தை. அதை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தபோது எனக்குத்தான் மனசு வரவில்லை. அவள், "வெட்டு சித்தி, அம்மா திட்ட மாட்டாங்க" என்றாள்.

மாமா வேலை முடிந்து வந்தார். டிபன் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தார்.

"அப்பா, ஆடுதுப்பா."

"ஒரு கால் குட்டையா இருக்குல்ல, அதான்" என்று உட்கார்ந்து, அட்டையை மடித்துக் காலுக்கடியில் ஒட்டினார். அப்போதுதான் பொம்மையின் மூக்கிலிருந்த பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நகத்தால் மெதுவாக அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது? இன்னும் கேட்கத் தைரியம் வரவில்லை.

யாழினி பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைக்குட்டையால் கழுத்து வரைக்கும் போர்த்தினாள். "மூஞ்சி மூடக் கூடாது" என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தோடு பயம் போய்விட்டது என்று நினைக்காதே. இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் நெற்றி லேசாகச் சுட்டது. மூன்று நாள் காய்ச்சலில் உன்னைப் பறிகொடுத்தவள் நான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் வந்தா நானும் செத்துடுவேனா சித்தி?"

"காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போவோம். முக்காவாசி பேருக்கு சரியாயிடும்."

"அம்மாக்கு ஏன் ஆகல?"

"தெரியலடா."

சரி என்று தலையாட்டினாள். டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெறும் சளிதான் என்றார். மருந்து குடித்துவிட்டு இப்போது என் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். இதை எழுதுவதற்குள் எட்டுத் தடவை அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

அக்கா, இவளுக்கு நல்ல சித்தியாக இருப்பேனா என்று தெரியாது. ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இனி இவள் எதைக் கேட்டாலும் நிஜத்தைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். நடுங்கிக்கொண்டேதான் சொல்வேன், ஆனாலும் சொல்வேன்.

உன் தங்கை,
யாழினியின் சித்தி,
தேவி