வியாழக்கிழமைப் பாடம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தேதியை இந்தப் போனே போட்டுக்கொள்ளும். நான் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். எழுதியதை என்னால் படிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து கட்டைவிரல் ரேகைதான். "தலையில இருக்கறதையெல்லாம் இதுகிட்ட கொட்டுங்க தாத்தா, எங்க காது பாவம்" என்று பேத்திதான் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தாள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் போன் உளறுகிறதாம், செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வேண்டுமாம். சரி, வாசிக்கிறேன். தலைப்புச் செய்தி: பேத்தி தான் படிக்கப்போகிற பாடங்களை அடுத்த வாரம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவள் பல்கலைக்கழகத்தில் படிப்பது மண்ணையும் ஆற்றையும் பற்றி. சும்மா வகுப்பு இல்லை, ஹானர்ஸ். பெரிய வகுப்பிலிருந்து எட்டே பேரைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு எந்தப் பாடம் வேண்டுமோ அதை இவர்களே எடுத்துக்கொள்ளலாம், சந்தையில் காய் பொறுக்குகிற மாதிரி. அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் மனதில் வாங்கி வைத்துக்கொண்டேன். சலவைக்கூடத்தில் எந்த மூட்டை யார் வீட்டுடையது என்று குறி போடாமலே சொன்னவன் நான்.

"தாத்தா, புதன் காலையில என்ன வருது?"

"பாறை. மூக்கால பேசுவார்னு சொன்னியே, அந்த வாத்தியார்."

"செவ்வாய் மதியம்?"

"மண்ணைச் சலிக்கிறது. அதுக்கு எதுக்குப் படிப்பு, சல்லடை போதும்."

சிரித்தாள். ஒரே ஒரு பாடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். ஆறு ஏன் தன் பழைய தடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறது என்பதைப் பற்றி. பேராசிரியையோடு ஆற்றுப்படுகைக்கே போய், குழி வெட்டி, ஒரு காலத்தில் தண்ணீர் எங்கே ஓடியது என்று பார்ப்பார்களாம். ஹானர்ஸுக்கு அந்த ஒன்று மட்டும் கட்டாயம், இந்தத் தவணையில் மட்டும்தான் உண்டு. கிழமையை வாசித்ததும் குரல் இறங்கிவிட்டது. வியாழன், மதியம் முழுக்க.

கட்டிலில் என் மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்குகிற மூச்சு இல்லை அது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மகனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பேருந்து ஓட்டியவன். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். திங்கள், வியாழன். திங்கட்கிழமை மருமகளுக்கு அவள் வேலை செய்யும் பேக்கரியில் விடுமுறை, அவள் கூட்டிப்போவாள். வியாழன் பேத்தியின் முறை. மெஷினிலிருந்து இறக்கினால் அவனுக்குத் தலை சுற்றும், படியில் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும்.

வியாழனை வேறு நாளாக மாற்றித் தரச் சொல்லி மருமகள் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வந்தாள். எல்லா நாளும் ஆள் நிறைந்திருக்கிறதாம். ஞாயிறு மெஷின் அறையைத் திறப்பதே கிடையாதாம்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மூன்று பேரும் என் காலைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

போனேன். ஒரு கண் வைத்துக்கொள்ளப் பேத்தியும் கூட வந்தாள், ஆனால் தூரத்தில் நின்றுகொண்டாள், பரீட்சை எனக்கு. மெஷினில் ஏற்றும்வரை சரியாகத்தான் இருந்தது. இறங்கும்போது படியில் அவன் சாய்ந்தான், நான் பிடித்தேன், இரண்டு பேருமாகச் சுவரில் போய் மோதினோம். நர்ஸ் ஓடி வந்தாள்.

"தாத்தா, உங்களைப் பிடிக்கவே ஒரு ஆள் வேணும். நீங்க யாரைப் பிடிக்கப் போறீங்க?"

நல்ல பெண். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 9, சனி

மகன் காலையில் எழுந்து உட்கார்ந்து சொன்னான்: வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வேன் தெருமுனைக்கு வருமாம், ஏற்றிக்கொண்டு போய், கூடவே ஓர் ஆள் இருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். நேற்றுப் போனில் பேசிவிட்டானாம்.

"நீ அந்த ஆத்துப் பாடத்தை எடு பாப்பா."

பேத்தி அவனையே பார்த்தாள். "நிஜமாவா அப்பா?"

"பின்ன, வண்டி விஷயத்துல நான் பொய் சொல்வேனா?"

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கிற மாதிரி கம்ப்யூட்டரில் பாடப் பதிவு திறந்தது. எடுத்துவிட்டாள். துள்ளிக்கொண்டு வந்து என் வழுக்கையில் ஒரு தட்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் வகுப்பு. செருப்பெல்லாம் சேறு. ஒரு பொட்டலம் மண் கொண்டுவந்து அப்பன் கையில் வைத்தாள். "இது ஒரு காலத்துல ஆத்துக்கு அடியில இருந்த மணல் அப்பா. இப்ப மேல வீடு கட்டியிருக்காங்க. வீட்டுக்காரங்களுக்கே தெரியாது." அவன் அதை விரலால் நெருடிக்கொண்டே இருந்தான். மெஷினுக்குப் போய் வந்த கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருமகள் முகம் கடுகடு. எடை ஏறியிருக்கிறதாம். "தண்ணியைக் குடம் குடமா குடிக்கிறாரான்னு நர்ஸ் என்னைக் கேக்கறா. நான் என்ன, வாய்க்குப் பூட்டா போட முடியும்?"

அவன் தண்ணீர் குடிப்பதை நாள் முழுக்கப் பார்ப்பவன் நான். அளந்துதான் குடிக்கிறான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அந்தப் பிளாஸ்திரி.

மூன்று வருடமாக அந்தக் கையைப் பார்க்கிறேன். நர்ஸ் இரண்டு இடத்தில் பஞ்சு வைப்பாள், மேலே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவாள், கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் நேராக இருக்கும். இன்று ஒரே துண்டு, கோணலாக. ஓரம் பல்லால் கிழித்தது. போன வாரமும் அப்படித்தான் இருந்தது. கண் பார்த்தது, மனது பார்க்க மறுத்துவிட்டது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். "வேன் என்ன நிறம்டா?" என்று கேட்டேன்.

அவன் சாக்ஸைக் கழற்றினான். வீங்கிய கணுக்காலில் சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது.

"எங்க போய் உக்கார்ற?"

"பஸ் டிப்போல. பழைய ஆளுங்க இருக்காங்க."

வியாழக்கிழமை வேறிடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டானாம். மெஷினில் அவன் இடத்தை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்களாம்.

"எடுத்த பாடத்தை மாத்தறதுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள் அப்பா. அது தாண்டிட்டா அவளால விட முடியாது. அதுவரைக்கும் வாயைத் தொறக்காதீங்க."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

என்னத்த பாப்ப? எவன் வந்து பாப்பான்? என் கண்ணெதிர்ல பொறந்தவன்டா நீ, எங்கிட்டயே — போன் இதை எப்படி எழுதியதோ தெரியவில்லை. எழுதட்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கினான். புழுக்கம் என்றான். மருமகளும் புழுக்கம் என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். பேத்தி அவனுக்குப் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள், ஆறு எப்படி ஒரு கரையை அரித்து மறுகரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். இப்படி அவன் முகம் தெளிந்து நான் பார்த்து வருடங்கள் ஆகின்றன.

நான் யாருடைய தாத்தா? யாருடைய அப்பா? இரண்டும் நான்தானே. ஒரு தலை போதவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேன் இல்லை, ஆள் இல்லை, இரண்டு வியாழனாக உன் அப்பன் மெஷினுக்குப் போகவில்லை என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவள் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த சட்டை.

"வேன் எந்த முனையில நிக்குதுன்னு நான் கேக்கவே இல்ல, பாத்தீங்களா தாத்தா."

"உனக்கென்ன தெரியும் கண்ணு."

"அப்பா கால் வீங்கினதைப் பாத்தேன். கேட்டா சொல்லிடுவாரோன்னு கேக்கல. வெள்ளிக்கிழமை தாண்டட்டும், அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன்."

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் கிளிப்பு மாட்டினாள்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேத்திதான் கூட்டிப்போனாள். இடத்தை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்ததாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பேத்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். கையில் பஞ்சு இரண்டு, பிளாஸ்திரி குறுக்கும் நெடுக்குமாக.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாடத்தை விட்டுவிட்டாள். அதோடு ஹானர்ஸும் போயிற்று. அடுத்த வருடம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, எட்டு இடத்தில் ஓர் இடம் காலியாக இருக்காது, ஒன்பதாவது ஆள் காத்திருக்கிறார் என்றாராம் பேராசிரியை. வருத்தத்தோடுதான் சொன்னாராம்.

மகன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "உங்களுக்கு நாலு நாள் பொறுக்க முடியலையா?"

முடியல. நீ உன் பிள்ளையைப் பாத்த. நான் என் பிள்ளையைப் பாத்தேன். இதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மகன் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. "அவர் சாப்பிட்டாரான்னு கேளு" என்று மருமகளிடம் சொல்கிறான், நான் பக்கத்தில் இருக்கும்போதே. "அவர் காதுலயே விழுது, நீங்களே கேளுங்க" என்கிறாள் அவள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேராகப் படுத்துத் தூங்குகிறான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மண் பொட்டலம் ஜன்னலில் இருந்தது. காணவில்லை. யாரையும் கேட்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

மறுபடியும் பாடம் தேர்ந்தெடுக்கும் வாரம். இந்த முறை என்னைக் கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிலில் மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"திங்கள் காலை. செவ்வாய் காலை. செவ்வாய் மதியம். புதன் மதியம். வெள்ளி காலை. வச்சுக்கிட்டீங்களா தாத்தா?"

"எதைப் பத்தின பாடம்னு சொல்லலையே கண்ணு."

"எதா இருந்தா என்ன."

வைத்துக்கொண்டேன். ஐந்து பாடம். ஐந்தும் வெறும் கிழமைகள்.