முப்பத்தைந்து புள்ளி வாங்கிய பாட்டு

சிவப்புப் பேனா எழுத மறுக்கிறது, டீச்சர். எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு இளைஞர் பாடற்குழு தெரிவு செய்த பாட்டுகளைக் காலையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினொரு பாட்டு. எட்டில் யாரோ துள்ளுகிறார்கள், இரண்டில் பறக்கிறார்கள், மிச்சம் ஒன்றில் மழை பெய்கிறது, பெய்துகொண்டே இருக்கிறது. திருத்தலாமென்று மேசை இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்தால் மை காய்ந்து கிடக்கிறது. ஊதிப் பார்த்தேன், உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன், ஒரு கோடு விழவில்லை. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் இருந்தவரை ஒரு பேனா என்னிடம் ஆறு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை.

கொட்டகலையில் ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியர் அறையில் இருபத்தாறு வருடம் இருந்தோம். ஓய்வு பெற்ற பிறகும் நான் உங்களை டீச்சர் என்றேன், நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் இருவருக்கும் கடைசிவரை வரவில்லை. ஹட்டன் கற்கோயிலின் பாடற்குழுவிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். பிறகு உங்கள் கணவர் பாரிசவாதத்தில் விழுந்தார். இரண்டு வருடப் படுக்கை. ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வியாழக்கிழமை தவறாமல் வந்து, அவர் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். எங்கள் கோயிலிலிருந்து நான் வந்தேன். மூன்று தடவை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு நவநாள் செபப் புத்தகமும் கொண்டுவந்தேன். அவர் காலமான பின் நீங்கள் அந்த மாடிப்படி ஏறினீர்கள். நான் மூன்று மாதம் உங்களோடு பேசவில்லை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிறு காலை, நல்ல மழை. ஹட்டன் பஸ்ஸில் ஒரே ஒரு இருக்கைதான் காலி, அது உங்கள் பக்கத்தில். நான் நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் என் முழங்கால் வலி என் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒக்காருங்க டீச்சர். சபைக்குப் போறவ பக்கத்துல ஒக்காந்தா தொத்திக்காது" என்றீர்கள்.

உட்கார்ந்தேன். இரண்டு வளைவுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் சபையில் என்னதான் பாடுகிறார்கள் என்று கேட்டேன். நீங்கள் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் கொடுத்தீர்கள். நான் பேனாவை எடுத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்திய கை, டீச்சர். வெள்ளைத் தாளில் எழுத்தைக் கண்டால் சும்மா இருக்காது.

அன்று தொடங்கியது பதினொரு வருடம் நடந்தது. நீங்கள் வாரம் ஒரு பாட்டை அழகான கையெழுத்தில் எழுதிவருவீர்கள், நான் நூற்றுக்குப் புள்ளி போடுவேன். கடவுள் யாரென்று பாட்டு சொல்கிறதா, அவர் என்ன செய்தாரென்று சொல்கிறதா, தமிழ் தமிழாக இருக்கிறதா, 'நான்' எத்தனை தடவை வருகிறது. ஒரு பாட்டில் இருபத்தேழு 'நான்' எண்ணினேன். பாடுகிறவர் ஓடுகிறார், ஆடுகிறார், மலையைத் தாண்டுகிறார், எதிரியை மிதிக்கிறார். ஆண்டவர் ஒரு வேலையும் செய்யவில்லை. "இதில் ஆண்டவர் பங்களா வராந்தாவில் நிற்கும் துரை மாதிரி இருக்கிறார், வேலையெல்லாம் நாம் செய்கிறோம்" என்று ஓரத்தில் எழுதினேன். நீங்கள் வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

நீங்களும் சும்மா விடவில்லை. எங்கள் கோயிலின் பழைய பாட்டுகளை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். "ஒங்க பாட்டுல எல்லாம் இருக்கு டீச்சர், ஆளத்தான் காணோம்" என்றீர்கள் ஒரு நாள். இன்னொரு நாள், "ஏழாவது சரணம் முடியிறதுக்குள்ள முன் பெஞ்சில இருக்கிற கெழவிங்களுக்குச் சீனி கொறஞ்சு மயக்கம் வந்துரும்" என்றீர்கள். அந்த முன் பெஞ்சில் இருப்பவள் நான் என்று ஞாபகப்படுத்தினேன். "அதத்தானே சொல்றேன்" என்றீர்கள். என் கணவர் உயிரோடு இருந்த நாளில், ஐந்தாவது சரணத்தில் ஆழ்ந்த நித்திரைக்குப் போய்விடுவார். இது உங்களுக்கும் தெரியும். நீங்கள் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஹட்டனில் இறங்கியதும் ஒரே கேள்வி. "ஒரு தடவ மேல ஏறி வாங்களேன் டீச்சர். கேட்டுட்டு மார்க்ஸ் போடுங்க. பேப்பர்ல பாத்துப் போட்டா எப்படி?"

"முழங்கால் விடாது" என்பேன்.

"பெரிய வெள்ளிக்கிழம சிலுவைப்பாதைக்கு மட்டும் அந்த முழங்கால் மல ஏறுதே."

இருபத்து மூன்று படிதான் அது என்பது எனக்குத் தெரியும். ரோட்டில் நின்று எண்ணியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் ஒரு பாட்டு கொண்டுவந்தீர்கள். வழக்கத்தைவிட நேர்த்தியான கையெழுத்து, அடிக்கோடு வேறு. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

*கூப்பிட்டதும் வந்தீரே, மேடேறச் சுமந்தீரே,*
*பாதையெல்லாம் அறிந்தீரே, பத்திரமாய்ச் சேர்த்தீரே.*

இதுதான் பல்லவி. மிச்சமும் ஏறக்குறைய இதேதான். நான் வாசித்துவிட்டு எழுதினேன்: "தமிழ் பரவாயில்லை. 'நான்' குறைவு. ஆனால் இவர் யார்? ஒரு நல்ல த்ரீவீல் சாரதிக்கும் இந்தப் பாட்டு அப்படியே பொருந்தும்." முப்பத்து நான்கு போட்டேன்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டருக்கு மனம் கேட்கவில்லை. "ஐயோ மிஸ், ஒரு மார்க்ஸ்ல ஃபெயிலாக்காதீங்க. பாவம், பாஸ் பண்ணி விடுங்க" என்றான். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நான் நான்கை ஐந்தாக்கினேன். பரீட்சைக் கணக்கில் 'சாதாரண சித்தி', அதாவது வெறும் பாஸ்.

நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இவரு யாருன்னு சொல்ற மாதிரி நீங்களே ஒரு வரி போட்டுக் குடுங்க" என்றீர்கள். பஸ் ஹட்டனுக்குள் நுழைவதற்குள் போட்டுக்கொடுத்தேன். மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்கு விசுவாச அறிக்கையை வீணாகப் படிப்பிக்கவில்லை.

*பிதாவோடு ஒரே பொருளாய் என்றென்றும் இருப்பவரே, பிறந்தவரேயன்றிப் படைக்கப்படாதவரே.*

நீங்கள் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தீர்கள். "சின்னப் பிள்ளைங்க பாடுற மாதிரி கொஞ்சம் லேசா வராதா?"

"உண்மை லேசாக இருக்காது டீச்சர்" என்றேன். இப்படியெல்லாம் நான் பேசியிருக்கிறேன்.

அதன்பின் அந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் பேச்செடுக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

உங்கள் அடக்கத்துக்கு மயானத்துக்குத்தான் வந்தேன், மாடிக்கு வரவில்லை. பிறகு உங்கள் மகன் பொல்பிட்டியவிலிருந்து லீவு போட்டு வந்து என் வாசலில் நின்றான். முப்பதாம் நாள் நினைவு ஆராதனை என்றான். "மிஸ், முழங்கால் சாட்டு சொல்லாதீங்க. தேவைன்னா கதிரையோட தூக்கிட்டுப் போவோம்." என்னிடம் நாலாம் வகுப்பில் அடி வாங்கியவன். இப்படிப் பேசுகிறான்.

ஏறினேன், டீச்சர். படியெல்லாம் பெயின்ட் வாசம். பிளாஸ்டிக் கதிரையில், பஸ்ஸில் இருப்பதுபோலக் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் டிரம்ஸ், ஒரு பக்கம் கீபோர்ட், சுவரில் பாட்டின் வரிகள் வெளிச்சமாக விழுந்தன. முதல் பாட்டுக்கு மனத்துக்குள் நாற்பத்திரண்டு போட்டேன். இரண்டாவதற்குப் போடுவதற்குள் சுவரில் விழுந்தது: கூப்பிட்டதும் வந்தீரே.

ஐயோ, த்ரீவீல் பாட்டு என்று நினைத்தேன். எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள், கடையில் நிற்கும் பையன்கள், வாசிக்கத் தெரியாத கிழவர்கள், யாரும் சுவரைப் பார்க்கவில்லை. மேடேறச் சுமந்தீரே என்று வந்தபோது என் பக்கத்திலிருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கொழுந்துக் கூடையின் வார் நெற்றியில் பதிந்த தழும்பு அவளுக்கு இருந்தது. சுமப்பது என்றால் என்னவென்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். கீபோர்ட்காரன் விரலை எடுத்தான். சபை முழுவதும், குளத்தில் குதிக்கப்போகிறவர்களைப் போல, ஒரு பெரிய மூச்சை இழுத்தது. பிதாவோடு ஒரே பொருளாய் என்று தொடங்கினார்கள். என் வரி! தாளம் எங்கோ போயிற்று. முன்வரிசை 'பிறந்தவரே'யில் இருக்கும்போது நடுவரிசை 'என்றென்றும்' என்பதில் கிடந்தது. ஒரு கிழவர் 'அன்றி'யோடு இறங்கிக்கொண்டார். 'படைக்கப்படாதவரே'யை ஒரே ஒரு பெண் மட்டும் முடித்தாள், அதுவும் எல்லாரும் நிறுத்திய பின். பிறகு டம் என்று டிரம்ஸ் விழுந்தது, எல்லாரும் நிம்மதியாகப் பல்லவிக்கு ஓடினார்கள். மூன்று தடவை இப்படி.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் சொன்னார்: "இது நம்ம அக்கா எழுதுன பாட்டு. அந்தக் கஷ்டமான வரி மட்டும் அவங்க கூட்டாளி டீச்சர் போட்டது. மாத்தலாமான்னு எத்தனையோ தடவ கேட்டோம். அக்கா விடல. மூச்சிழுப்பு வந்த நாள்லகூட அந்த வரிய முழுசாப் பாடுவாங்க. 'அவங்க மேல ஏறி வர்ற வரைக்கும் அவங்க வரியாவது இங்க நிக்கட்டும்'னு சொல்வாங்க."

நூற்றிருபது தலை என் பக்கம் திரும்பியது. நான் கைப்பையைத் திறந்து ஒன்றையும் தேடாமல் தேடினேன்.

உங்கள் பாட்டு என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நாற்பது போட்டிருப்பேன். நாற்பத்தைந்துகூட. இல்லை, உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை. சொல்லியிருந்தாலும் முப்பத்தைந்துதான். அதனால்தான் சொல்லவில்லையா?

தேநீரும் கேக்கும் கொடுத்த நேரத்தில் பாஸ்டர் பக்கத்தில் வந்து, பயந்து பயந்து கேட்டார். "நீங்கதான் இப்ப வந்துட்டீங்களே டீச்சர். அந்த வரிய எடுத்துரலாமா?"

"வரி சரியானது" என்றேன். "பாடத் தெரியாதது உங்கள் பிழை." இருபத்து மூன்று படியும் இறங்கும்வரை தலை நிமிர்ந்துதான் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் அந்த வரியோடு கிடந்தேன். அதை எடுத்துவிட்டால் பாட்டு மறுபடியும் த்ரீவீலில் ஏறிவிடும். விட்டுவைத்தால் சபை வாராவாரம் மூச்சடைக்கும். லேசாக்கிப் பார்த்தேன். லேசாக்கியதெல்லாம் பொய்யாகவோ பிள்ளைப் பாட்டாகவோ போயிற்று. நீங்கள் கேட்டது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. கஷ்டமாக எழுத எனக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது.

ஒரு சனிக்கிழமை உங்கள் மகன் வந்தான், உங்கள் பழைய கொப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போக. பால் கொண்டுவரும் மாரியாயி வாசலில் நின்றாள். அவள் அவனை முன்பு கண்டதில்லை. பால் போத்தலைக் கீழே வைக்க மறந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஆத்தாடி, இந்தத் தம்பி யாரு? அந்த டீச்சரம்மாவப் பாத்த மாதிரியே இருக்கு. இவரப் பாத்தா போதும், அவங்களப் பாத்தாச்சு."

நான் உள்ளே போய் எழுதினேன். பேனா தேடக்கூட இல்லை, பென்சிலில் எழுதினேன்.

*உம்மைக் கண்டாலே அப்பாவைக் கண்டோமே.*

உங்கள் மகனை அடுப்படி வாசலில் நிற்க வைத்துப் பாடச் சொன்னேன். வெட்கப்பட்டான். இருந்தாலும் பாடினான். தாளம் எங்கும் தடுக்கவில்லை. த்ரீவீல் சாரதி எவனைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது. விசுவாச அறிக்கையில் பாதி இதற்குள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பாதியை எங்கள் கோயில் பார்த்துக்கொள்ளும், எங்களுக்கு ஏழு சரணம் இருக்கிறது.

பழைய வரிக்குப் பதிலாக இதை உங்கள் மகன் பாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மறுபடியும் ஏறினேன். அந்த இடம் வந்தது. டிரம்ஸ்காரன் பழக்கதோஷத்தில் குச்சியைத் தூக்கினான், அதற்குள் சபை அவனைத் தாண்டிப் போய்விட்டது. தழும்பு நெற்றி அம்மாவும் பாடினாள், அந்தக் கிழவரும் இறங்காமல் கடைசிவரை வந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தும் அந்த நிறுத்தம் இல்லாமல் போனது என்னவோ செய்தது. ஒன்றரை வருடம் ஒரு சபையே எனக்காக நின்று, மூச்சிழுத்து, காத்திருந்த இடம் அது. என்னை அங்கேதான் வைத்திருந்தீர்கள்.

இப்போது எத்தனை புள்ளி என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். விடைத்தாளில் கை வைத்த ஆசிரியை புள்ளி போடக்கூடாது. அந்த ஒழுங்கை உங்களுக்காகவும் மீற மாட்டேன்.

பழைய வரியை இப்போது எவரும் பாடுவதில்லை, என்னைத் தவிர. தேங்காய் திருவும்போது, ஆளில்லாத நேரம் பார்த்து, உங்கள் மெட்டில் பாடுகிறேன். பிதாவோடு ஒரே பொருளாய் என்றென்றும் இருப்பவரே வரை வந்துவிடுகிறேன். பிறந்தவரேயன்றி என்ற இடத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. எனக்கு இழுப்பும் இல்லை, ஒன்றுமில்லை. நீங்கள் எப்படித்தான் வாரம் மூன்று தடவை அதை முடித்தீர்கள், டீச்சர்?