சிவப்புக் கட்டம் கோணலாகவே வருகிறது

பள்ளிபாளையம்
புதன்கிழமை

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ மெல்போர்னில் சுகமாக இருப்பதை அம்மா போனில் கேட்டுச் சொல்கிறாள், என் போனைத்தான் நீ பத்து நாளாக எடுப்பதில்லை. அதனால் பார்சலுக்குள்ளேயே கடிதத்தை வைக்கிறேன், போர்வையை எடுக்கும்போது படித்துத்தானே ஆகவேண்டும்.

ஏதோ கண்காட்சிக்கு நவீனப் போர்வை வடிவமைக்கிறேன், ஓவியக்காரர்கள் கட்டமும் வட்டமுமாய் வரைவதைப் பார்த்து வந்த யோசனை என்று படம் அனுப்பினாய். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கறுப்பு வட்டம் பாதியில் நிற்கிறது, மஞ்சள் முக்கோணம் கேட்பாரில்லாமல் நீலத்துக்குள் நுழைகிறது, நடுவில் ஒரு சிவப்புக் கட்டம் குடித்துவிட்டு நிற்பவனைப் போல் சாய்ந்திருக்கிறது. இதற்கு இரண்டு வருஷம் படிப்பு வேறு. ஆறாம் வகுப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாமல் டீச்சரிடம் அடி வாங்கினாயே, அதையே பெரிதாகப் போட்டால் அங்கே கலை என்கிறார்கள் போலிருக்கிறது. உன் அம்மாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. தலையணை உறை தைக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் உன் படத்தைப் பார்த்துப் பதினெட்டு நாள் உட்கார்ந்து துண்டு துண்டாய் இணைத்தாள்.

அவள் பரமத்தி வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போன அன்றைக்கு நான் அதை விரித்துப் பார்த்தேன். முப்பத்திநாலு வருஷம் பெட்ஷீட் செக்கிங் டேபிளில் நின்றவன், ஒரு இழை விட்டிருந்தாலும் சாக்பீஸில் வட்டம் போட்டு, குறைச் சரக்கென்று செகண்ட்ஸில் தள்ளுகிறவன். என் மகள் வெள்ளைக்காரர்கள் முன்னால் செகண்ட்ஸ் போர்வையை விரிப்பதா என்று பொறுக்கவில்லை. பிரித்து, பக்கத்து வீட்டு அறிவுச்செல்வியிடம் கொடுத்து, அந்தச் சிவப்புக் கட்டத்தை மூலைக்கு மூலை நேராக்கி உனக்குப் படமும் அனுப்பினேன். நீ சந்தோஷப்படுவாய் என்றே நினைத்தேன். மத்ததெல்லாம் எங்கயோ பார்த்ததுப்பா, அந்தச் சாய்வு ஒண்ணுதான் நானா வெச்சது என்று அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். ஊரிலிருந்து வந்த உன் அம்மா, ஏனுங்க, புள்ளை வேணும்னே கோணலா வெச்சதை நேராக்கச் சொல்லி உங்களை யாருங்க கேட்டா என்றாள். சொல்லிவிட்டுப் போர்வையை என் மடியிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

சரி, கோணல்தானே, அரை மணி நேர வேலை என்று மறுபடி பிரித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் கூடினால் விழுகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் குறைந்தால் தைத்தவள் தூங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. அறிவுச்செல்வியோ நேராகவே தைத்துப் பழகியவள், கை வரமாட்டேன் என்கிறது. ஆறு தடவை பிரித்தாயிற்று. உன் படத்தைப் போர்வை அளவுக்கே அச்செடுத்து மேலே வைத்துக் குறித்த பிறகு ஏழாவது தடவைதான் பிடிபட்டது. நேற்று அம்மா பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்து முடித்தாள். இதனால் உன் கலை எனக்குப் பிடித்துவிட்டது என்று எண்ணிவிடாதே. எனக்கு இன்னமும் அது கோணல்தான், அந்த வட்டத்தை யாராவது முடித்துவைத்தால் புண்ணியமாய்ப் போகும். ஆனால் நீ வைத்ததை நான் தொட்டது தப்பு சாமி.

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பார்சல் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். வந்ததும் மடிப்போடு வைக்காமல் ஒரு நாள் விரித்துப் போடு, தண்ணீர் காட்டாதே, சிவப்புச் சாயம் இறங்கும். வேளைக்குச் சாப்பிடு. திருச்செங்கோட்டு மலையான் உனக்குத் துணையிருப்பான். அங்கே யாராவது இந்தக் கட்டம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால், எங்க அப்பா செக்கிங் பார்த்து பாஸ் பண்ணித்தான் அனுப்பினார் என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
செங்கோடன்